நான்கு மூலைகள்

இரவு பதினொன்றே முக்கால்.
கோவால்ச்சிக் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தான்.
கனாவா ஆற்றங்கரைப் பனி அவன் தொப்பியில் உருகி
என் மேசைவிரிப்பில் சொட்டியது.
ஒன்றரைப் பக்கம், சத்தியம் செய்து எழுதியது.
அடியில் எனக்கென்று ஒரு கோடு, காலியாக.

நான் சட்டம் படித்தவளில்லை.
பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
பிறகு வாசல் வாசலாக ஓட்டுக் கேட்டு
மாஜிஸ்ட்ரேட் ஆனேன். மேற்கு வர்ஜீனியாவில் அது நடக்கும்.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
தாளின் நான்கு மூலைக்குள் இருப்பதுதான் உலகம்.
அதற்கு வெளியே
உனக்குத் தெரிந்த எதுவும் உனக்குத் தெரியாது.

ஆகவே ஹிக்கரி சந்து, பதினான்காம் எண்
எனக்குத் தெரியாது.
அங்கே ஏறும் ப்ரூயிட் பிள்ளைகளைத் தெரியாது.
மழை நாளில் தம்பி
அக்காவின் கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு
நாலு காலோடு படியேறுவான்,
அதுவும் தெரியாது.

'நம்பத்தகுந்த தகவலாளி ஒருவர்' என்று தொடங்கியது.
நம்பத்தகுந்த என்றால்?
"முன்னே ரெண்டு தடவை சொன்னது பலிச்சிருக்கு."
ஜோசியக்காரனுக்கும் பலிக்கும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
வீட்டில் சரக்கு இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்?
ஊர் வாயா, சொந்தக் கண்ணா?
"கண்ணு."
அப்படியானால் எழுது.
எழுதினான்.
என்றைக்குப் பார்த்த கண்?
போன மாதச் சரக்கு இந்த மாதம் இருக்காது,
அது ஊறுகாய் இல்லை.
"செவ்வாய். சாயங்காலம்."
எழுதினான்.
எங்கே?
"ஃப்ரிட்ஜ் மேல. ஓட்ஸ் டப்பாவுக்குள்ள.
நீல மாத்திரை, பத்துப் பத்தா."
எழுதினான்.

கேள்விக்குக் கேள்வி வழக்கு கெட்டிப்பட்டது.
பதிலுக்குப் பதில்
எங்கோ ஒருவர் மேலிருந்து
போர்வை ஒரு சாண் நழுவியது.
அதை நான் அப்போது யோசிக்கவில்லை.
கதவை உடைக்க வருகிறவர்களிடமிருந்து ஒரு வீட்டுக்கு
என்னால் தர முடிந்த பூட்டு, கேள்வி ஒன்றுதான்.
அதைத்தான் யோசித்தேன்.
கறாராக இருப்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது,
மறைப்பானேன்.

கடைசியாக:
அப்போது சமையலறையில் வேறு யார்?

கோவால்ச்சிக் பேனாவை மூடினான்.
"அதை எழுதுறதுக்கு, மேடம்,
பேரையே எழுதிடலாம்."

என் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.
அதன் மேலும் ஓர் ஓட்ஸ் டப்பா.

பன்னிரண்டு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் முதல் விசாரணை.
வெண்டல் ப்ரூயிட், ஆரஞ்சு உடையில், கைவிலங்கோடு.
வக்கீல் நகலை அவன் முன்னால் வைத்தார்.
உதடு அசைத்துத்தான் படிப்பான்
(ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் அப்படித்தான் படித்தான்,
இல்லை, எனக்குத் தெரியாது).
விரல் வரி வரியாக இறங்கியது.
ஓரிடத்தில் நின்றது.
உதடும் நின்றது.

அவன் கத்தவில்லை.
மெதுவாகத் திரும்பி
பார்வையாளர் பெஞ்சின் மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.
அங்கே ஒரு பெண்கள் கோட்டு மட்டும் கிடந்தது,
ஒரு கை உள்ளே திரும்பியபடி,
அவசரமாக உருவியது போல.
கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
வெளியே பூஜ்யத்துக்கு ஆறு டிகிரி கீழே.

முகாந்திரம் இருக்கிறது என்று பதிவு செய்தேன்.
இருந்தது. இப்போதும் சொல்வேன், இருந்தது.

பேருந்தில் விட்டுப்போன கையுறை, மதிய உணவு டப்பா,
ஒருமுறை ஒரு பல்கூட,
வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் மண்டபத்தைப் பூட்ட வந்த காவலர்
கோட்டைத் தூக்கிப் பிடித்து
இது யாருடையது என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.